தஹானேயா காயலில் மீன் நஞ்சு: இருவர் மட்டுமே இருந்த ஒரு பாய்மரப் படகின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து தீவுக்கூட்டத்தில், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் ஒரு ஐரோப்பியத் தம்பதி. கணவருக்கு ஐம்பதுகளின் கடைசி வயது, மனைவி அவரைவிட இரண்டு மூன்று வயது இளையவர். படகு 12 மீட்டர் நீளம். வேறு ஆள் கிடையாது. அவர்கள் எழுதி வைத்திருந்த படகுப் பதிவேட்டையும், பிறகு இருவரும் சொன்னதையும், அதே காயலில் வேறொரு படகில் இருந்து நான் நேரில் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு அவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

அவர்கள் வந்தது பெரும்பாலான பாய்மரப் படகுகள் வரும் வழிதான். பனாமா கால்வாயைத் தாண்டி, மார்க்கேசஸ் தீவுகளில் கரை கண்டு, அங்கிருந்து துவாமோத்து. அடுத்து தாஹித்தி, டோங்கா. நவம்பரில் புயல் பருவம் தொடங்குவதற்குள் நியூசிலாந்து போய்ச் சேர வேண்டும். இந்தக் கால நெருக்கடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் ஒரு வாக்குவாதத்தில் அதற்கும் பங்கு உண்டு.

துவாமோத்துவில் எழுபதுக்கும் மேற்பட்ட பவளத்தீவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வளையம். வெளியே ஆழ்கடல், உள்ளே காயல். படகு போகும்படி இரண்டையும் இணைப்பது வளையத்தில் இருக்கும் சில வாய்கள் மட்டும்தான். காயலில் ஏறி இறங்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த வாய் வழியாக ஓடுவதால் அங்கே நீரோட்டம் படகின் வேகத்தையே மிஞ்சிவிடும். நீர் நிற்கும் நேரம் பார்த்துத்தான் நுழைய வேண்டும், வெளியேறவும் வேண்டும். உள்ளே ஆங்காங்கே பவளக் குன்றுகள் தண்ணீர் மட்டம் வரை எழுந்து நிற்கும். வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் அவை கண்ணில் படும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது.

தஹானேயா ஏறத்தாழ 50 கி.மீ. நீளமுள்ள பவளத்தீவு. நிரந்தரக் குடியிருப்பு இல்லை. பக்கத்துத் தீவான ஃபாஆயித்தேயிலிருந்து கொப்பரை எடுக்க ஆட்கள் எப்போதாவது வந்து போவார்கள். மூன்று வாய்களும் வடக்குப் பக்கம் இருக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்கிலிருந்து 'மராமு' என்று அங்கே சொல்கிற காற்று அடிக்கடி பலமாக அடிக்கும். அதனால் படகுகள் காயலின் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கும். இவர்கள் படகும் அங்கேதான் நங்கூரம் போட்டிருந்தது. அங்கிருந்து வாய்க்குப் போக, குன்றுகளுக்கு நடுவே எட்டு ஒன்பது கடல் மைல். வாயிலிருந்து ஃபகராவா தீவின் தெற்கு வாய்க்கு ஏறத்தாழ 50 கடல் மைல். தாஹித்தி சுமார் 500 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அந்த மீன்

மாலையில் கணவர் டிங்கி என்கிற சின்னத் துணைப் படகில் போய், ஒரு பவளக் குன்றின் ஓரத்தில் கைத்தூண்டில் போட்டு ஒரு களவா பிடித்தார். உடம்பெல்லாம் நீலப் புள்ளி, சுமார் 1.5 கிலோ. இதே வகை மீனை இதற்கு முன் மக்கேமோ தீவில் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே உள்ளூர் மீனவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டபோது, "இங்கே இதைச் சாப்பிடலாம்" என்று சொல்லியிருந்தார். மக்கேமோ அதிக தூரத்தில் இல்லை. மீனும் அதே மீன், அளவும் சின்னது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டார்கள்.

இரவு 7 மணிக்குச் சாப்பாடு. சதையை வறுத்தார்கள். தலையையும் ஈரலையும் போட்டு சூப் வைத்தார்கள். அந்த சூப்பைக் குடித்தது கணவர் மட்டும். மனைவி சாப்பிட்டது ஒரு சின்னத் துண்டு. மிச்சத் துண்டு ஃப்ரீசருக்குப் போனது.

நம் ஊரில் களவாத் தலை என்றால் தனி மதிப்பு. அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகுவாட்டெரா என்கிற இந்த நஞ்சு தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றில்தான் அதிகமாகச் சேரும்.

நஞ்சை உண்டாக்குவது மீன் இல்லை. செத்த பவளத்தின் மீதும் கடற்பாசி மீதும் ஒட்டி வளரும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி. துவாமோத்துவுக்குத் தென்கிழக்கே உள்ள காம்பியர் தீவுகளில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். பாசியைச் சின்ன மீன் மேயும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடிக்கொண்டே போகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. மணம், நிறம், ருசி எதுவும் மாறாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் நஞ்சு அழியாது. புயலோ கட்டுமான வேலையோ பவளத்தைச் சிதைத்த இடங்களில் இந்தப் பாசி செழிக்கும். அதனால்தான் ஒரு தீவின் இந்தக் கரையில் நல்ல மீனாக இருப்பது அடுத்த கரையில் நஞ்சாக இருக்கும். மக்கேமோ மீனவர் சொன்ன 'இங்கே' என்ற சொல்லின் எடை அதுதான். தஹானேயாவில் கேட்பதற்கு ஆள் இல்லை.

முதல் இரவும் காலையும்

இரவு 11:30 மணிக்குக் கணவருக்கு வாந்தி. அப்புறம் வயிற்றுப்போக்கு, விடாமல். அதிகாலை 3 மணிக்கு மனைவிக்கும் ஆரம்பித்தது, ஆனால் அவ்வளவு கடுமையாக இல்லை. இரண்டு நாள் முன்பு திறந்த க்ரீம் டப்பாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். இந்தக் கட்டத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், ஏனென்றால் சாதாரண உணவு நச்சுக்கும் இதற்கும் முதல் சில மணி நேரம் வித்தியாசமே தெரியாது.

காலை 6 மணிக்கு விஷயம் மாறியது. மனைவிக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு. கணவர் பற்கள் ஆடுவதுபோல் இருக்கிறது என்றார். வாய் கொப்பளிக்க மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்திருக்கிறார். தொட்ட மாத்திரத்தில் சுட்டதுபோல் கையை உதறி, பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தார், மறுபடியும் அதே சுரீர். கணவரையும் தொடச் சொன்னார், அவருக்கும் அப்படியே.

சில்லென்ற பொருள் சுடுவதுபோல் உறைப்பது சிகுவாட்டெராவின் தனி அடையாளம். நரம்பில் சோடியம் போய்வரும் வாசல்களை இந்த நஞ்சு திறந்தபடியே பிடித்து வைத்துவிடுவதால் வருவது அது. மனைவி இதைப் பற்றி எங்கோ படித்திருந்தார். க்ரீம் டப்பா மீதிருந்த சந்தேகம் அங்கே முடிந்தது.

உடனே அவர் செய்த ஒரு காரியம் இந்த நிகழ்வின் போக்கையே திருப்பியது என்பது என் கருத்து. ஒரு நோட்டை எடுத்து நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர் கழித்த நேரம் என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். கணவர் இரத்த அழுத்தத்துக்காகத் தினமும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர், ஆகவே பிரஷர் பார்க்கும் மெஷின் படகில் இருந்தது. 7 மணி அளவு: நாடி 46, அழுத்தம் 95/60. வழக்கமாக அவருக்கு நாடி 58 இருக்கும்.

கிளம்புவதா, இருப்பதா

கணவர் உடனே கிளம்பிவிடலாம் என்றார். ஃபகராவாவில் ரொத்தோவா ஊரில் சுகாதார நிலையமும் விமான நிலையமும் இருக்கின்றன, ஒரு ராத்திரி ஓட்டம்தான், நாளை மறுநாள் மராமு வலுக்கப்போகிறது, இப்போது விட்டால் ஒரு வாரம் மாட்டிக்கொள்வோம், நியூசிலாந்துக் கணக்கு குழம்பிவிடும் என்பது அவர் வாதம். ஒவ்வொன்றும் உண்மைதான்.

மனைவி மறுத்தார். அவர் சொன்ன காரணங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. வாய் வரைக்கும் குன்றுகளுக்கு நடுவே போக முன்பக்கம் ஒருவர் நின்று கண் வைக்க வேண்டும், சுக்கான் ஒருவர் பிடிக்க வேண்டும். கணவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வெளியே போய்விட்டால் இரவு முழுக்கக் காவல் ஒருவர் தலையில். மனைவிக்கே கெண்டைக்கால் சதை இழுக்கிறது, கையில் பிடி இல்லை. நடுவழியில் கணவர் மயங்கினால், காயலுக்குள் கிடைக்கும் உதவிகூட அங்கே கிடைக்காது. மறுநாள் காலை ஃபகராவா வாயை நீர் நிற்கும் நேரத்தில் பிடிக்காவிட்டால் மீண்டும் வெளியே காத்துக் கிடக்க வேண்டும்.

இதோடு அவர் மூன்று வேலை செய்தார். சாட்டிலைட் இணையம் வழியாகத் தாஹித்தியில் உள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடர்புகொண்டார். வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் காயலில் இருந்த மற்றப் படகுகளைக் கூப்பிட்டார். ஃப்ரீசரில் இருந்த மீன் துண்டைத் தனிப் பையில் போட்டு, தேதியும் பிடித்த இடத்தின் ஆயத்தொலைவும் எழுதி ஒட்டினார்.

அந்த ரேடியோ அழைப்பு சுமார் 6 கடல் மைல் தள்ளி இருந்த எங்கள் படகில் கேட்டது. வெயில் ஏறி, குன்றுகள் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்துதான் கிளம்பினோம். மதியத்துக்குள் அவர்கள் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டோம்.

மருத்துவர் சொன்னது

மையம் ஒரு மருத்துவரை இணைத்தது. என்ன மீன், எந்தப் பகுதியை எவ்வளவு சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று, தினமும் என்ன மாத்திரை என்று வரிசையாகக் கேட்டார். பீட்டா பிளாக்கர் என்றதும் அதை உடனே நிறுத்தச் சொன்னார். சிகுவாட்டெரா தானே நாடியைக் குறைக்கும், அந்த மாத்திரையும் நாடியைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அன்று காலை மாத்திரையைக் கணவர் கையில் எடுத்து வைத்திருந்தார், இன்னும் விழுங்கவில்லை.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. இதனால் இறப்பது அபூர்வம். ஆனால் நீர் வற்றினாலோ நாடி மிகவும் இறங்கினாலோ நிலைமை கைமீறும். அதனால் மருத்துவர் எல்லைக்கோடுகளைச் சொன்னார். நாடி 40க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், மயக்கம் வந்தால், மூச்சு வாங்கினால், ஓ.ஆர்.எஸ். கரைசல் வயிற்றில் தங்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், உடனே கூப்பிட வேண்டும். ஆளை ஏற்றிப் போக ஏற்பாடு செய்வார்கள். அதுவரை கால்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் கரைசல், மணிக்கொரு முறை அளவு.

ஓ.ஆர்.எஸ். கரைசலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெதுவெதுப்பாகக் கொடுத்தோம். சில்லென்றிருந்தால் தொண்டையே எரிகிறது என்று இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அன்று மாலைக்குள் கணவர் இரண்டு லிட்டர் குடிக்க முடிந்தது இதனால்தான்.

இரண்டாம் இரவு

முன்னறிவிப்பைவிட முன்னதாகவே காற்று வந்துவிட்டது. மராமுவுக்கு முன்னால் ஒரு மழைக்காற்று தென்மேற்கிலிருந்து அடித்து, படகைத் திருப்பிப் போட்டது. நங்கூரச் சங்கிலி குன்றில் சிக்காமல் இருக்க, முத்துப் பண்ணைகளில் பயன்படும் மிதவைகளைச் சங்கிலியில் இடைவெளி விட்டுக் கட்டித் தூக்கி வைப்பது அங்கே வழக்கம். இவர்களும் கட்டியிருந்தார்கள். அப்படியும் மிதவை இல்லாத ஒரு பகுதி குன்றில் மாட்டிக்கொண்டது. படகு அலையில் ஏறும்போதெல்லாம் சங்கிலி விறைத்து முன்பக்கத்தை உலுக்கியது. உலுக்கலைத் தாங்கக் கட்டியிருந்த நைலான் கயிறு அறுந்தது.

எங்கள் படகிலிருந்து ஒருவர் இரவுக் காவலுக்காக அங்கே தங்கியிருந்தார். மாற்றுக் கயிறு கட்டி, இன்னும் கொஞ்சம் சங்கிலி விட்டு, காற்று தென்கிழக்குக்குத் திரும்பியதும் எஞ்சினை மெதுவாக ஓட்டிச் சிக்கலைத் தளர்த்தினார். முக்கால் மணி நேர வேலை, அதுவும் நல்ல தெம்புள்ள ஆளுக்கு. தம்பதி மட்டும் இருந்திருந்தால் அன்றிரவு ஆபத்து நஞ்சிலிருந்து வந்திருக்காது, பாறையிலிருந்து வந்திருக்கும்.

இந்த அமளிக்கு நடுவே அதிகாலை 2 மணிக்குக் கணவரின் நாடி 38. கழிவறைக்கு எழுந்தபோது கண் இருட்டியது என்றார். மறுபடி மருத்துவர். நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி இருக்கிறதா என்று கேட்டார். எந்தப் படகிலும் இல்லை. தட்டையாகப் படுக்க வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு சொல்லச் சொன்னார். மீட்புக் குழுவைத் தயார் நிலையில் வைத்தார்கள். 40, 41, 42 என்று ஏறி, விடியும்போது 48.

அந்த இரவில் ஆளை எடுக்கச் சொல்லி வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கள் படகிலேயே ஒருவர் வாதாடினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டில், அந்தக் காற்றில், ஆடிக்கொண்டிருக்கும் பாய்மரத்துக்கு மேலே ஹெலிகாப்டரிலிருந்து ஆளைத் தூக்குவது நோயாளிக்கும் குழுவுக்கும் தனி அபாயம். எழுதி வைத்த அளவுகள் கையில் இருந்ததால்தான் மருத்துவர் நிதானமாகக் காத்திருக்க முடிந்தது. 'கொஞ்சம் மோசமாக இருக்கிறார்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஃபகராவாவுக்கு

நான்காம் நாள் காற்று தணிந்தது. கணவர் உட்கார முடிந்தது, சாப்பாடு தங்கியது. மருத்துவர் ஒப்புதல் தந்தபின் இரண்டு படகுகளும் சேர்ந்து கிளம்பின. எங்கள் ஆள் ஒருவர் அவர்கள் படகை ஓட்டினார். வெயில் சாயுமுன் குன்றுகளைக் கடந்து, நீர் நிற்கும்போது வாயைத் தாண்டி, இரவு மெதுவாக ஓடி, காலையில் ஃபகராவாவின் தெற்கு வாய் வழியே நுழைந்தோம். உள்ளே ரொத்தோவா வரை மிதவைக்குறி போட்ட பாதை இருக்கிறது.

சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள், நாடி 52. இரத்தத்தில் இந்த நஞ்சைக் காட்டும் வழக்கமான பரிசோதனை கிடையாது. அறிகுறியையும் சாப்பிட்ட மீனையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஃப்ரீசர் துண்டையும் பிடித்த இடத்தின் விவரத்தையும் கொடுத்தார்கள். தாஹித்தியில் உள்ள லூயி மலார்தே நிறுவனம் இப்படி வரும் தகவல்களைத் தீவு வாரியாகத் திரட்டுகிறது.

ஊரில் ஒரு மூதாட்டி கரையோரத்துத் தஹினு மரத்தின் இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். பசிபிக் தீவுகளில் இது பழைய மருந்து. அந்த இலையில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் இந்த நஞ்சுக்கு எதிராகச் செயல்படுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள், ஆனால் மனிதர்களிடம் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. செவிலியர் தடுக்கவில்லை, இருவரும் குடித்தார்கள். குடித்ததால் குணமானதா, நாள் போனதால் குணமானதா என்று சொல்ல வழியில்லை.

அதன் பிறகு

கணவர் விமானத்தில் தாஹித்தி போய் இதய மருத்துவரைப் பார்த்தார். மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார்கள். மனைவிக்கு மதமதப்பு மூன்று வாரத்தில் போனது. கணவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பும் குளிர் சுடுவதும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தன. இரவில் அரிப்பு கூடித் தூக்கம் கெட்டது.

ஆறு மாதத்துக்கு மீன், மது, கொட்டை வகைகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சிகுவாட்டெரா வந்தவர்களுக்கு இவை பழைய அறிகுறிகளைத் திரும்பக் கிளப்பிவிடும். இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்தில் கணவர் ஒரு பீர் குடித்தார். அன்றிரவே உதடு மதமதத்தது, இரண்டு நாள் நீடித்தது. நியூசிலாந்துப் பயணத்தை அந்த ஆண்டு கைவிட்டு, படகைத் தாஹித்தியிலேயே நிறுத்தினார்கள்.

எதை மாற்றலாம்

காயல் மீனைச் சாப்பிடுவதா என்பதில் தம்பதி இப்போது கறாராக இருக்கிறார்கள். அந்தந்தக் கரையில் மீன் பிடித்துச் சாப்பிடும் ஆளே கைகாட்டினால் ஒழியத் தொடுவதில்லை. ஆள் இல்லாத தீவில் காயல் மீனே இல்லை. வெளிக்கடலில் ஓடும்போது தூண்டிலில் விழும் சூரையும் மஹி மஹியும் பவளத்தில் மேய்வதில்லை, அவை போதும். அவையும் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் வேறு நச்சு சேரும், அது தனிக் கதை.

சின்ன மீன் பயமில்லை என்ற கணக்கை விட்டுவிட வேண்டும். பாலினேசியாவில் அளவுக்கும் நஞ்சுக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. ஈ மொய்த்தால் நல்ல மீன், வெள்ளிக் காசு கறுத்தால் கெட்ட மீன் என்ற சோதனைகளும் அப்படித்தான், எதுவும் பலிக்காது.

என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது வேறொன்று. இருவர் மட்டும் உள்ள படகில், சந்தேகம் இருக்கக்கூடிய எந்த மீனையும் இருவரும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது. ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அறிகுறி பெரும்பாலும் முதல் நாளுக்குள் தெரிந்துவிடும். மனைவி அன்று சாப்பிட்டது சின்னத் துண்டாகப் போனதால்தான் நோட்டு எழுத ஒருவர் மிஞ்சினார். அவரும் சூப் குடித்திருந்தால் ரேடியோவில் கூப்பிட ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

மருந்துப் பெட்டியில் மாற்றம் சின்னது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு மடங்கு. இருவரின் தினசரி மாத்திரைகள், வழக்கமான நாடி, அழுத்தம் ஆகியவற்றைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அட்ரோபின் வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் இதய மருத்துவரைக் கேட்டார்கள். ஊசி போடப் பயிற்சி பெற்ற பிறகு வாருங்கள், எழுதித் தருகிறேன் என்றார். மனைவி அந்தப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்.